ஓர் ஊருக்கு எத்தனை பெயர்?

செஞ்சிக் கோட்டைக்குப் பக்கத்தில் மேல்சித்தாமூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் இங்கேதான் உள்ளது.

இந்த ஊரின் பெயரைச் சிலர் சேர்த்து எழுதுவார்கள். சிலர் "மேல் சித்தாமூர்" என்று பிரித்து எழுதுவார்கள். எப்படி எழுதினாலும் தபால்காரர் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்.

ஆனால் கம்ப்யூட்டர்? சொல்லிக் கொடுக்காவிட்டால், அதற்கு இவை இரண்டு வேறு ஊர்கள்!

டப்பாவும் சீட்டும்

கம்ப்யூட்டருக்கு வேலை சொல்வது "புரோகிராம்". அதில் வயது, விலை, தூரம் என்று ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு பெயர் வைப்பார்கள். சமையல் அறை டப்பாவில் சீட்டு ஒட்டுவது போலத்தான் இது.

ஒரே புரோகிராமைப் பலர் சேர்ந்து எழுதுவது உண்டு. ஒருவர் "சம்பளம்" என்று பெயர் வைக்கிறார். இன்னொருவர் அதையே "ஊதியம்" என்கிறார். கம்ப்யூட்டர் இரண்டையும் தனித்தனி டப்பாவாக வைத்துக்கொள்ளும்.

பிறகு என்ன ஆகும்? சம்பள உயர்வு ஒரு டப்பாவில் ஏறும். ரசீது மற்ற டப்பாவைப் பார்த்து அச்சாகும். உழைத்தவர் கைக்குப் பழைய சம்பளமே வரும்!

இரண்டு கண்கள் போதாது

ஆகவே, ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்துப் பார்க்கிறார். இதற்குக் "கோட் ரிவ்யூ" என்று பெயர். ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் இருந்தால் அங்கேயே பிடித்துவிடலாம்.

"பைத்தான்" என்ற கம்ப்யூட்டர் மொழிக்கு 2001-ல் எழுத்து விதிகளே வகுத்தார்கள். இத்தகைய பெயர்களைச் சிறிய எழுத்தில் எழுதி, சொற்களுக்கு நடுவே கீழ்க்கோடு போட வேண்டும் என்பது அதில் ஒன்று.

செவ்வாயில் சோகம்

ஒரே எண்ணை இரு குழுவினர் இரு விதமாகப் புரிந்துகொண்டால் பெரிய ஆபத்து. அமெரிக்கா செவ்வாய்க்கு அனுப்பிய விண்கலம் ஒன்று 1999 செப்டம்பர் 23-ந் தேதி அழிந்தது. ஒரு குழு "பவுண்டு" கணக்கில் எண் கொடுத்தது. மற்றொரு குழு அதை "நியூட்டன்" கணக்கு என்று எடுத்துக்கொண்டது. பல கோடி ரூபாய் பாழ்!

எனவே, "தூரம்" என்று மட்டும் எழுதாமல், "தூரம்_கிலோமீட்டர்" என்று அளவையும் சேர்த்து எழுதுவது நல்லது.

உங்கள் பெயர் எப்படி?

இது கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு மட்டும் உரிய பாடம் அல்ல. பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாகவும், ஆதார் அட்டையில் வேறு விதமாகவும் பெயர் இருந்தால் அலைச்சல்தான். இன்றே எடுத்து ஒத்துப் பாருங்கள். நீங்கள் பார்த்த பிறகு, வீட்டில் இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள்!