சூடேறும் சில்லு



1948ஆம் ஆண்டு முதல் 1971 வரை இங்கிலாந்தில் உருவான மொறிஸ் மைனர் கார்கள் இன்றும் ஊவா மலைப் பாதைகளில் ஏறி இறங்குவதைக் காண்கிறோம். அவற்றுள் ஒன்று என்னுடையது. கலைப் பட்டதாரியான பாடசாலை அதிபருக்கு யந்திர சாஸ்திரம் எதற்கு என்று நீங்கள் வினவக்கூடும். எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வீதியே எனக்கு அதைக் கற்பித்தது.

அவ்வீதி ஏறக்குறைய 800 மீற்றர் உயரம் வளைந்து வளைந்து இறங்குகிறது. ஒரு நாள் இராவணா எல்ல நீர்வீழ்ச்சியைத் தாண்டியதும் கருகல் நாற்றம் வீசிற்று. பிறேக்கை மிதித்தேன்; மிதி பஞ்சுபோல் அமிழ்ந்தது. கியரைக் குறைத்து, கைப் பிறேக்கை மெல்ல இழுத்து, மண்மேட்டோரம் ஒருவாறு நிறுத்தினேன். முன்புற இடது சில்லின் அருகே கையைக் கொண்டுபோக இயலாத சூடு. காலை எடுத்த பின்னும் அச்சில்லில் பிறேக் விடுபடாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. பிறேக் ஒயில் காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சுவது. பழைய ஒயில் அச்சூட்டில் கொதித்து ஆவியாகிவிட்டால், மிதிக்கும் வலு ஆவியை அமுக்குவதிலேயே வீணாகிவிடும்.

பின்னர் ஒரு கராஜில் புதிய லைனிங் போட்டுத் தந்தார்கள். சில வாரங்களில் அதுவும் தேய்ந்தது. பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் லொறி ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “ஐயா, தேய்ந்தது லைனிங். தேய்த்தது எது என்று பார்க்க வேண்டாமா?” என்றார். அன்று அவர் காட்டிய சோதனையைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

சமதரையில் மற்றச் சில்லுகளுக்குக் கல் வைத்து, ஜக்கினால் காரை உயர்த்தி, உறுதியான தாங்கியின்மேல் இருத்தவேண்டும். பிறேக்கை மிதித்து விட்டபின் சில்லு இறுகி நிற்குமாயின், காற்றுப் போக்கும் சிறு திருகைச் சற்றே தளர்த்துக. ஒயில் பீறிட்டுச் சில்லு உடனே சுழன்றால், குழாயினுள் அழுத்தம் சிறைப்பட்டிருந்தது என்று பொருள். அப்போதும் இறுகியே நின்றால் குற்றம் டிறம்முக்குள் இருக்கிறது: துருப்பிடித்து அசையாத பிஸ்டன், வலுவிழந்த சுருள்வில், அளவுக்கு மிஞ்சி இறுக்கிய திருகு. பின் சில்லானால் கைப் பிறேக்கின் கம்பியையும் பார்க்கவேண்டும்.

என் காரில் ஒயில் பீறிட்டது. ஒரு சில்லில் மட்டுமே கோளாறு; ஆகவே அச்சில்லுக்குச் செல்லும் றப்பர் குழாய்மேல் ஐயம் விழுந்தது. வெளியே அது புதிது போலவே இருந்தது. அறுத்துப் பார்த்தபோது உட்சுவர் வீங்கித் துவாரம் ஊசிமுனையளவாகச் சுருங்கியிருந்தது. காலின் வலு ஒயிலை அதனூடே தள்ளிவிடும். திருப்பி அனுப்பும் வலு சுருள்வில்லுக்கு ஏது?

நான்கு சில்லும் ஒருங்கே இறுகினால், சாரதியின் காலடியில் தளத்துக்குக் கீழேயுள்ள மாஸ்டர் சிலிண்டரைப் பார்க்கவேண்டும். மிதியைத் தொட்டதும் சிறு தளர்வு தெரியவேண்டும். அது இல்லையேல் பிஸ்டன் முழுதும் பின்வாங்காது. ஒயில் திரும்பும் நுண்துளை அடைபட்டே கிடக்கும். எஞ்சின் ஒயிலையோ பெற்றோலையோ பட விட்டாலும் றப்பர்கள் வீங்கி இதே தொல்லையைத் தரும்.

முன்புறக் குழாய்கள் இரண்டையும் மாற்றினோம். ஒயில் ஊறிய லைனிங்கை எறிந்தோம். பழைய லைனிங் தூளில் கல்நார் இருக்கக்கூடுமாதலால் வாயால் ஊதாது ஈரத்துணியால் துடைத்தோம். புதிய ஒயில் வார்த்து, காற்றைப் போக்கி, உரசல் நீங்கும்வரை திருகைத் தளர்த்தினோம்.

மறுநாட் காலை ஹாலி-எல வரை சென்று, பிறேக்கை அதிகம் மிதியாமல் திரும்பினேன். பெரியவர் நான்கு சில்லுகளருகிலும் புறங்கையைப் பிடித்துப் பார்த்தார். இடது சில்லுக்கும் வலது சில்லுக்கும் சூட்டில் வேற்றுமை இல்லை.