கம்ப்யூட்டர் யந்திரத்தின் நோய்களும் அவற்றின் பரிகாரமும்

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையின் இரு மருங்கிலும், முன்னாளில் பயிர் நிலமாயிருந்த இடங்கள் பலவற்றில் இப்பொழுது தொழிற்சாலைகள் நிற்கின்றன. 2007-ஆம் வருஷத்தில் ஸ்ரீபெரும்புதூரில் கம்ப்யூட்டர் செய்யும் தொழிற்சாலையொன்றை டெல் கம்பெனியார் திறந்தார்கள். இப்பக்கத்தில் சாகுபடியை விடாதிருக்கும் குடியானவர்களுக்கும் அந்த யந்திரத்தின் சம்பந்தமின்றிக் காரியம் நடப்பதில்லை. பட்டா, பயிர்க்கடன், பயிர் இன்ஷ்யூரன்ஸ், மான்யம் ஆகிய யாவும் அதன் வழியாகவே வருகின்றன. ஆகையால் கூட்டுறவுச் சங்கங்களிலும் வேளாண்மை விரிவாக்க மையங்களிலும் அதைக் கையாளும் சிப்பந்திகளும், அங்கு போய்வரும் குடியானவர்களும் அதன் நோய்களைப் பற்றிச் சிறிது அறிந்திருத்தல் நலம்.

பயிர்நோய்களில் இலைப்புள்ளியை யாவரும் காண்பர். வேரழுகலோ செடி சாயும்வரை தெரிவதில்லை. கம்ப்யூட்டரின் நோய்களும் இவ்வாறே இருவகைப்படும்.

வெளிப்படையான நோய்கள்

இவற்றிற்குப் பொது விதி, ஒரு சமயத்தில் ஒரு மாறுதல் மட்டுமே செய்து பார்ப்பதாகும். நீர், உரம், மருந்து மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் பயிர் எதனால் தேறியது என்று அறிய இயலாது. திரையில் தோன்றும் அறிவிப்பை, யந்திரத்தை அணைக்குமுன் ஒரு காகிதத்தில் அப்படியே எழுதிக் கொள்ள வேண்டும்.

(1) யந்திரம் உயிர் பெறாவிடில், அதே பிளக்கில் வேறொரு சாமானை மாட்டி மின்சாரம் வருகிறதா என்று முதலில் பார்க்கவும். பிறகு யு.பி.எஸ். பெட்டியையும், ஒயர்கள் இறுக மாட்டப்பட்டுள்ளனவா என்பதையும் சோதிக்கவும். யு.பி.எஸ். பாட்டரி சில வருஷங்களில் தளர்ந்துபோவது இயல்பு.

(2) விசிறி சுழன்றும் திரை இருண்டு, உள்ளிருந்து 'பீப்' என்ற ஒலி விட்டுவிட்டு வருமாயின், ராம் என்னும் நினைவகப் பலகை சரியாகப் பொருந்தாமலிருக்கலாம். மின்சாரத்தை அடியோடு துண்டித்து, பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு, பலகையைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை மிருதுவான ரப்பரால் மெல்லத் துடைத்து, முன்போல் அழுத்திப் பொருத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

(3) தினந்தோறும் தேதியும் மணியும் பின்னோக்கிப் போய், சர்க்கார் இணையதளங்கள் திறக்க மறுக்குமாயின், உள்ளே காசு வடிவிலிருக்கும் சி.ஆர்.2032 பாட்டரி தீர்ந்ததென்று கொள்ளலாம். இணையதளத்தின் நற்சான்றுக்குக் காலவரம்பு உண்டு; யந்திரத்தின் தேதி அவ்வரம்புக்குப் புறம்பாயிருப்பதே மறுப்பிற்குக் காரணம். புதிய பாட்டரி போட்டுத் தேதியைத் திருத்தினால் போதும்.

(4) வேலை நடுவே யந்திரம் தானே அணையுமாயின், விசிறியில் தூசி அடைந்து சூடு மிகுந்திருக்கலாம். லாரிகள் ஓயாது ஓடும் சாலையோரத்திலும், நெல் மூட்டை அடுக்கும் கட்டிடங்களிலும் இது அதிகம். யந்திரத்தை அணைத்துவிட்டு, சில மாதங்களுக்கொரு முறை தூசி தட்டுவது அவசியம்.

(5) பிரிண்டர் அச்சிடாவிடில் மறுபடி மறுபடி கட்டளையிடலாகாது. முதற் கட்டளை சிக்கி நிற்க, மற்றவை அதன் பின்னே தேங்கும். வரிசையிலுள்ள யாவற்றையும் ரத்து செய்து, பிரிண்டரையும் யந்திரத்தையும் அணைத்து மீண்டும் இயக்குக.

மறைவான நோய்கள்

மேற்சொன்னவற்றால் வேலை தடைப்படுமே தவிர, பெரும்பாலும் பதிவுக்குச் சேதமில்லை. யந்திரம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பதிவு கெடுவதுதான் பெரிய நஷ்டம்.

எக்ஸெல் ஏட்டில் 12/3 என்ற சர்வே எண்ணைப் பதிந்தால், அது தேதியென்று கருதி '12-மார்ச்' என்று மாற்றிவிடும். பிறகு பத்தியின் வகையை மாற்றினாலும் சர்வே எண் திரும்பாது. 2025-ஆம் வருஷத்தில் பதிந்ததாயின் 45728 என்று தோன்றும். இது 1900-ஆம் வருஷ ஆரம்பத்திலிருந்து எண்ணிய நாட்கணக்கு. வங்கிக் கணக்கு எண்ணின் முன்னுள்ள பூஜ்யங்களை அது உதிர்த்துவிடும். பதினைந்து இலக்கங்களுக்குமேல் அது வைத்துக் கொள்ளாதாகையால், பதினாறு இலக்க எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகும். பரிகாரம் எளிது: பதியத் தொடங்குமுன்பே அப்பத்தியை 'டெக்ஸ்ட்' வகையாக்க வேண்டும். கெட்டுப்போன எண்களை மூலப் பட்டாவையும் பாஸ் புத்தகத்தையும் பார்த்தே திருத்த வேண்டும்.

இது சிறிய இடங்களுக்கு மட்டும் நேர்வதன்று. 2020-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார ஸ்தாபனத்தில், 65,536 வரிகளுக்குமேல் கொள்ளாத பழைய வகை எக்ஸெல் ஏட்டில் கொரோனா பரிசோதனை முடிவுகளைச் சேர்த்தபடியால் 15,841 நோயாளிகளின் விவரம் தினசரிக் கணக்கில் விடுபட்டது. யந்திரம் நிற்கவில்லை, எவரும் உடனே அறியவுமில்லை.

பதிவைக் காத்தல்

விதைநெல்லை ஒரே குதிரில் வைப்பார் உண்டோ? பதிவுக்கு மூன்று பிரதிகள் வேண்டும். ஒன்று யந்திரத்திலும், மற்றொன்று தனி டிஸ்கிலும், மூன்றாவது வேறொரு கட்டிடத்திலும் இருக்கட்டும். விதைக்குமுன் முளைப்புச் சோதனை செய்வதுபோல, மாதம் ஒருமுறை பிரதியைத் திறந்து பார்க்க வேண்டும். திறவாத பிரதி சோதியாத விதைக்குச் சமானம்.

கடவுச்சொல்லைப் பிறரிடம் சொல்வது களஞ்சியச் சாவியைத் தெருவில் வைப்பதாகும். 2019-இல் தொடங்கிய பிரதம மந்திரி கிசான் திட்டத்தில் குடியானவர் குடும்பத்திற்கு வருஷத்திற்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளில் கிடைக்கிறது. 2020-இல் நமது ராஜ்யத்தில் அதிகாரிகளின் கடவுச்சொற்கள் வெளியார் கையில் சிக்கி, தகுதியற்ற ஐந்து லக்ஷம் பேருக்குமேல் இதில் சேர்க்கப்பட்டனர்; சுமார் 110 கோடி ரூபாய் தவறாகச் சென்றது. இதற்கு யந்திரத்தில் எவ்விதப் பழுதும் காரணமன்று.

குடியானவர்களும் ஒன்று செய்யலாம். பதிவு முடிந்தவுடன் எழுந்து வந்துவிடாமல், திரையிலோ அச்சிலோ தமது பெயர், சர்வே எண், வங்கிக் கணக்கு எண் மூன்றையும் கையிலுள்ள பத்திரங்களோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பெயர் ஆதாரில் உள்ளபடியே இருத்தல் அவசியம். சிப்பந்திகள் இதைச் சந்தேகமாகக் கொள்ளாமல், தாமே காட்டி ஒப்புதல் பெறுவது நல்ல வழக்கம். இரண்டு நிமிஷத்தில் அங்கேயே திருத்தக்கூடிய பிழை, தவணை வாராது போனபின் பல நாள் அலைச்சலாக முடியும்.