காட்டில் வழி தவறினால்: சில குறிப்புகள்

காட்டில் வழி தவறிய பலர் சொல்வது இது: "சுத்திச் சுத்தி அதே இடத்துக்கே வந்துட்டோம்." ரொம்ப நாள் இதை மிகைப்படுத்தல் என்றுதான் நினைத்திருந்தேன். மோகினி வழிமறித்தாள் என்று கதை வேறு கட்டுவார்கள்.

2009-ல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த யான் சௌமன் குழு இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. ஆட்களிடம் ஜிபிஎஸ் கருவியைக் கொடுத்து, ஜெர்மனியில் ஒரு சமவெளிக் காட்டிலும் துனீசியாவின் சஹாராவிலும் "நேரா நடங்க" என்று மணிக்கணக்கில் நடக்கவிட்டார்கள். சூரியன் தெரிந்தவர்கள் ஏறக்குறைய நேராகவே போனார்கள். காட்டில் மேகமூட்டத்தில் நடந்தவர்கள் வட்டமடித்தார்கள். தாங்கள் வந்த தடத்தையே மறுபடி கடந்தார்கள், கடக்கிறோம் என்று தெரியாமலே. கண்ணைக் கட்டி விட்டபோது வட்டத்தின் விட்டம் சில சமயம் 20 மீட்டருக்கும் குறைவு.

ஒரு கால் கொஞ்சம் குட்டையாக இருப்பதால்தான் இப்படி என்று ஒரு பழைய விளக்கம் உண்டு. அது எடுபடவில்லை. ஒரே ஆள் ஒருமுறை இடப்பக்கமும் இன்னொருமுறை வலப்பக்கமும் சாய்ந்தார். "நேர் திசை" என்று மூளை நினைப்பதில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சின்னப் பிழை வருகிறது. அது கூடிக்கொண்டே போகிறது. லூப்புக்குள் ரவுண்டிங் எரர் சேருமே, அதே கதைதான். சூரியன், மலைமுகடு என்று வெளியே ஏதாவது ஒன்றை வைத்துத் திருத்தாவிட்டால் பிழை தானாகச் சரியாகாது.

அதனால் "இன்னும் கொஞ்சம் நடந்தா பாதை வந்துடும்" என்ற எண்ணத்தை நம்பக்கூடாது. இன்னொரு கணக்கும் இருக்கிறது. கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து நீங்கள் 1 கிலோமீட்டருக்குள் இருந்தால் தேட வேண்டிய பரப்பு சுமார் 3 சதுர கிலோமீட்டர். 3 கிலோமீட்டர் போய்விட்டால் 28. தேடுகிறவர்களின் வேலையை ஒன்பது மடங்கு ஆக்கிவிட்டீர்கள்.

சரி, உட்கார்ந்துவிட்டால் போதுமா? போதாது. 2013 ஜூலையில் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், அப்பலாச்சியன் டிரெயிலில் தனியாக நடந்த 66 வயதுப் பெண் ஒருவர், இயற்கை உபாதைக்காகப் பாதையை விட்டு விலகினார். திரும்பத் தெரியவில்லை. கணவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார். சிக்னல் இல்லாததால் ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. சிக்னல் தேடி மேட்டுப்பக்கம் ஏறினார். பிறகு கூடாரம் போட்டு ஒரே இடத்தில் இருந்தார். மூன்று வாரத்துக்கு மேல் உயிரோடு இருந்தார் என்பது அவர் எழுதிய குறிப்புகளிலிருந்து தெரிகிறது. உடல் கிடைத்தது 2015 அக்டோபரில். கூடாரம் பாதையிலிருந்து நேர்க்கோட்டில் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் அது அடர்ந்த மரங்களுக்கு அடியில் இருந்தது. ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தால் தெரியாது. இதைப் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. அவர் செய்ததில் பாதி சரி.

மீதிப் பாதி, கண்ணில் படுவது. பக்கத்தில் வெட்டவெளி இருந்தால் அங்கே இருங்கள். பளிச்சென்ற துணியை விரியுங்கள். விசில் இருந்தால் மூன்று முறை ஊதி, நிறுத்தி, மறுபடி மூன்று. கத்தினால் தொண்டைதான் போகும். விசில் இன்னும் தூரம் கேட்கும். ராத்திரி வெறுந்தரையில் படுக்காதீர்கள். உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சிவிடும். காய்ந்த இலைகளைத் தடிமனாகப் பரப்பிக்கொள்ளுங்கள். சாப்பாடு பற்றிக் கடைசியாகக் கவலைப்பட்டால் போதும்.

செல்போன் விஷயத்தில் பலருக்குத் தெரியாதது: ஜிபிஎஸ்ஸுக்கு சிக்னல் வேண்டாம். செயற்கைக்கோளிலிருந்து வருவதை போன் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். மேப்பை முன்பே டவுன்லோட் செய்திருந்தால் நீங்கள் இருக்கும் இடம் தெரிந்துவிடும். அந்த எண்களைக் குறுஞ்செய்தியில் போட்டு அனுப்புங்கள். கால் போகாத இடத்திலும் சில சமயம் அது போய்விடும். உங்கள் கம்பெனி டவர் இல்லாவிட்டாலும் 112-ஐ முயற்சி பண்ணுங்கள், வேறு நெட்வொர்க் வழியாகப் போகலாம். மற்ற நேரத்தில் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும்.

"ஓடை வழியே இறங்கினால் ஊர் வரும்" என்பார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓடை திடீரென்று அருவியாக விழும். யானையும் தண்ணீருக்கு அங்கேதான் வரும். தண்ணீர் எடுத்துக்கொண்டு தள்ளி வந்து உட்காருங்கள்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒன்று. 1981-ல் கலிபோர்னியாவின் பலோமர் மலையில் ஒன்பது வயதுப் பையன் தொலைந்து இறந்த பிறகு, தேடப் போனவர்கள் சேர்ந்து ஒரு பயிற்சியைத் தொடங்கினார்கள். தொலைந்தால் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே இரு என்பதுதான் முதல் பாடம். இன்னொன்றும் சொல்லித் தருகிறார்கள்: பேர் சொல்லிக் கூப்பிடும் அந்நியர்களைப் பார்த்து ஒளிந்துகொள்ளாதே, அவர்கள் உன்னைத்தான் தேடுகிறார்கள். திட்டுவார்கள் என்ற பயத்தில் பதில் குரல் கொடுக்காத குழந்தைகள் உண்டு. திட்ட மாட்டோம் என்பதைக் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்.