சுழல்முறை மின்சவரக் கருவி

சுழல்முறை மின்சவரக் கருவி என்பது வட்டமாகச் சுழலும் சிறு வெட்டலகுகளைக் கொண்டு முகமயிரை மழிக்கும் மின்கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது ஷேவர் எனப்படும். சவரக்கத்தியிலும் பிளேடிலும் கூர்முனை நேராகத் தோலின்மேல் படும். இக்கருவியிலோ தோலுக்கும் அலகுக்கும் இடையே ஓர் உலோகக் காப்புத் தகடு உள்ளது. இதனால் வெட்டுக்காயம் படும் வாய்ப்பு குறைவு. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்பவர்களுக்கு மின்சவரக் கருவியை மருத்துவர்கள் பரிந்துரைப்பது இக்காரணம் பற்றியே. எனினும் தவறாகப் பயன்படுத்தினால் தோல் எரிச்சலும், தூய்மை செய்யாமல் விட்டால் தோல் தொற்றும் இக்கருவியாலும் ஏற்படக்கூடும்.

வரலாறு

அமெரிக்கப் படையில் அதிகாரியாக இருந்த ஜேக்கப் சிக் என்பவர் மின்சவரக் கருவிக்கு 1930 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு அது விற்பனைக்கு வந்தது. அதன் அலகு முன்னும் பின்னுமாக அசைவது, சுழல்வது அன்று. நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த அலெக்சாண்டர் ஹோரோவிட்ஸ் சுழலும் அலகைக் கொண்ட கருவியை வடிவமைத்தார். அது 1939 இல் பிலிஷேவ் என்னும் பெயரில் அறிமுகமானது. அதற்கு ஒரே ஒரு தலைதான் இருந்தது. 1951 இல் இரட்டைத் தலைக் கருவியும், 1966 இல் மூன்று தலைகள் கொண்ட கருவியும் வந்தன. இன்று பரவலாகக் கிடைப்பது மூன்று தலை அமைப்பே.

இயங்கும் முறை

ஒவ்வொரு தலையிலும் இரண்டு பாகங்கள் உள்ளன. வெளியே தெரிவது நுண்ணிய பிளவுகள் கொண்ட வட்டக் காப்புத் தகடு. அதன் உட்புறத்தை ஒட்டிச் சுழல்வது வெட்டலகு. பிளவின் வழியே நுழையும் மயிர், தகட்டின் விளிம்புக்கும் சுழலும் அலகுக்கும் இடையே சிக்கி அறுபடுகிறது. கத்தரிக்கோலின் இரு அலகுகளுக்கிடையே நூல் அறுபடுவது போன்ற செயலே இது. காப்புத் தகடு எவ்வளவு மெல்லியதாயினும் அதன் தடிமன் அளவுக்கு மயிர் எஞ்சி நிற்கும். ஆகவே பிளேடு தரும் வழவழப்பை இக்கருவி முழுமையாகத் தருவதில்லை.

கழுத்து, தாடை ஆகிய இடங்களில் மயிர் ஒரே திசையில் வளர்வதில்லை. தலைகள் வட்ட வடிவில் இருப்பதாலும், முகத்தின் வளைவுக்கேற்பச் சாய்ந்து கொடுப்பதாலும் பல திசைகளில் வளரும் மயிரை இவை எளிதில் பற்றுகின்றன.

பயன்படுத்தும் முறை

1. தாடி சில நாள்களுக்கு மேல் வளர்ந்திருந்தால் முதலில் டிரிம்மரால் குறைத்துக்கொள்ள வேண்டும். நீண்ட மயிர் பிளவுக்குள் நுழையாமல் படுத்துவிடும். சில வேளைகளில் இழுபட்டு வலி தரும்.
2. உலர் சவரமாயின் முகம் நன்கு உலர்ந்திருக்க வேண்டும். வியர்வையும் எண்ணெய்ப்பசையும் தலைகளை வழுக்கிச் செல்லவிடாமல் தடுக்கும். நீரிலும் பயன்படுத்தக்கூடியது என்று கையேடு கூறும் கருவிகளை மட்டுமே நுரையுடன் பயன்படுத்தலாம்.
3. ஒரு கையால் தோலை மென்மையாக இழுத்துப் பிடித்து, கருவியைச் சிறு வட்டங்களாக நகர்த்த வேண்டும்.
4. அழுத்தக் கூடாது. அழுத்தினால் தோல் பிளவுகளுக்குள் பிதுங்கி அலகில் உராயும். சவரத்துக்குப் பின் தோன்றும் சிவப்புத் தடிப்புக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

பிளேடிலிருந்து இக்கருவிக்கு மாறுவோருக்குத் தோல் பழகச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் தோன்றும் சிறு எரிச்சலைக் கண்டு கருவியில் குறை உள்ளதாக முடிவு செய்ய வேண்டியதில்லை. எரிச்சல் நீடித்தால் மருத்துவரை அணுக வேண்டும்.

தூய்மை செய்தல்

வெட்டப்பட்ட மயிர்த்துகள், இறந்த தோல், எண்ணெய்ப்பசை ஆகியன தலைக்குள் சேர்கின்றன. ஈரமும் சேர்ந்தால் அங்கே நுண்ணுயிரிகள் பெருகும், துர்நாற்றமும் வீசும். அடைப்பால் உராய்வு கூடி, தலைகள் சூடேறுவதும் உண்டு.

ஒவ்வொரு சவரத்துக்குப் பின்னும் கருவியை நிறுத்தி, மின்கம்பியைக் கழற்றி, தலைப்பகுதியைத் திறந்து துகள்களைத் தட்டிவிட வேண்டும். கழுவத்தக்க கருவியாயின் வெதுவெதுப்பான நீரைத் தலையிலும் துகள் சேரும் அறையிலும் ஓடவிட்டு அலசலாம். கழுவக் கூடாத கருவிகளுக்குச் சிறு தூரிகையே போதும். பின் நீரை உதறிவிட்டுத் திறந்த நிலையிலேயே காற்றில் உலரவிட வேண்டும். துண்டால் அழுத்தித் துடைத்தால் மெல்லிய தகடு சேதமடையலாம்.

மாதம் ஒருமுறை தலைகளைப் பிரித்துத் தூய்மை செய்வது நல்லது. அப்போது ஒரு நேரத்தில் ஒரு தலையை மட்டுமே பிரிக்க வேண்டும். ஒவ்வொரு அலகும் தன் காப்புத் தகட்டோடு உராய்ந்து ஒன்றுக்கொன்று பொருந்தி அமைந்தது. மூன்றையும் ஒன்றாகக் கழற்றி மாற்றிப் பொருத்திவிட்டால் அவை மீண்டும் இணங்கிவர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை சவரம் சீராக அமையாது. கழற்றிய அலகைச் சோப்பு நீரில் தூரிகையால் தேய்த்து, அலசி உலர்த்தி, அதே தகட்டில் பொருத்த வேண்டும். கையேடு அனுமதித்தால் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி விடலாம்.

பராமரிப்பும் பாதுகாப்பும்

அலகுகள் காலப்போக்கில் மழுங்கும். மயிர் இழுபடுதல், ஒரே இடத்தில் பலமுறை ஓட்ட வேண்டியிருத்தல், தூய்மை செய்த பின்னும் தலை சூடாதல் ஆகியவை இதன் அறிகுறிகள். பொதுவாக ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைகளை மட்டும் மாற்றினால் போதும். காப்புத் தகட்டில் விரிசலோ நெளிவோ தென்பட்டால் உடனே பயன்பாட்டை நிறுத்த வேண்டும்.

ஈரமான கருவியை மின்னேற்றக் கூடாது. நீரில் பயன்படுத்தத்தக்க கருவிகள் பலவும் மின்கம்பி செருகியிருக்கும்போது இயங்காதபடி அமைக்கப்படுவதும் மின்னதிர்ச்சியைத் தவிர்ப்பதற்கே. பழுதான கருவியில் லித்தியம் மின்கலம் இருக்கக்கூடும் என்பதால் அதனைக் குப்பையில் எறியாமல் மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

ஒருவரின் கருவியை மற்றவர் பயன்படுத்தலாகாது. கண்ணுக்குத் தெரியாத கீறல்களிலிருந்து கசியும் இரத்தம் தலையில் ஒட்டியிருக்கலாம். ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ஆகிய கல்லீரல் அழற்சி நோய்கள் இவ்வழியே பரவக்கூடும். ஒரே வீட்டில் தந்தையும் மகனும் ஆயினும் தனித்தனிக் கருவி வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது.