மாவுக்கட்டு போட்டதோடு வேலை முடிவதில்லை!



பள்ளிக்கூடம் போகிற பிள்ளை முட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்தால், நம் ஊர்ப் பக்கம் முதலில் வருகிற வார்த்தை, "சுளுக்காத்தான் இருக்கும், எண்ணெய் போட்டு உருவி விடு" என்பதுதான். வளருகிற பிள்ளைகளுக்கு இது எவ்வளவு ஆபத்து என்று போன வருஷம்தான் எனக்கு விளங்கியது. நாலு பேருக்குப் பயன்படட்டுமே என்று எழுதுகிறேன்.

என் மகனுக்கு அப்போது 13 வயது. கபடி விளையாடும்போது கால் மடங்கி விழுந்துவிட்டான். முட்டிக்கு மேலே வீங்கி, காலை ஊன்றவே முடியவில்லை. "ஏத்தா, பக்கத்து ஊர்ல எலும்புக்குக் கட்டுப் போடுறவரு இருக்காருல்ல, கூட்டிட்டுப் போ" என்றார் மாமியார். "அத்தை, மொதல்ல ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துருவோம்" என்று சொல்லி, பெரியகுளம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அங்கிருந்து தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே டாக்டர் சொன்னது இன்னும் மனதில் நிற்கிறது. "தென்னைக்குக் குருத்து எப்படியோ, பிள்ளைங்க எலும்புக்கு நுனியில இருக்குற குருத்தெலும்பு அப்படிம்மா. அதுல அடிபட்டா வளர்ச்சியே நின்னு போகலாம்" என்றார். தொடை எலும்பு நீளுவதில் 100க்கு 70 பங்கு முட்டிப் பக்கத்துக் குருத்தில்தான் நடக்கிறதாம். பெண் பிள்ளைகளுக்கு 14, 15 வயது வரையும், பையன்களுக்கு 16, 17 வயது வரையும் இந்தக் குருத்து இருக்கும். அந்த வயதில் மூட்டைப் பிடித்திருக்கும் தசைநார் பலமாகவும், குருத்து பலவீனமாகவும் இருப்பதால், பெரியவர்களுக்குச் சுளுக்கோடு போகிற அடி, பிள்ளைகளுக்குக் குருத்தில் முறிவாகிவிடும். அதைப் போய் உருவினால் விலகாத எலும்பும் விலகும். குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால், சில சமயம் நல்ல காலையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், அல்லது ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள்.

நல்ல வேளை, என் மகனுக்கு எலும்பு விலகவில்லை. மாவுக்கட்டு போட்டார்கள். ஆனால் அன்று ராத்திரி, "அம்மா, கால் வெடிக்கிற மாதிரி இருக்கு" என்று அழுதான். விரல்களைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தன. உடனே நர்ஸைக் கூப்பிட்டேன். டாக்டர் வந்து கட்டை நீளவாக்கில் வெட்டித் தளர்த்திய பிறகுதான் வலி குறைந்தது. அடிபட்ட இடம் உள்ளே வீங்கும்போது கட்டு இறுகுவது சகஜமாம். கவனிக்காமல் விட்டால்தான் வினை.

2022 நவம்பரில் சென்னையில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். 17 வயது கால்பந்து வீராங்கனைக்கு முட்டியில் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் செய்தார்கள். பிறகு போட்ட கட்டு இறுகி, ரத்த ஓட்டம் நின்று, காலையே எடுக்க வேண்டியதாகி, கடைசியில் அந்தப் பெண்ணின் உயிரும் போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரியோ, நாட்டு வைத்தியரோ, கட்டு யார் போட்டாலும் பக்கத்தில் இருக்கிற நம் கண்ணும் வேண்டும்.

கட்டுப் போட்ட முதல் 2 நாளும் அடிக்கடி பாருங்கள். கால் நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்து, உடனே சிவக்க வேண்டும். விரல் நீலம் பாய்ந்தாலோ, மரத்துப் போனாலோ, விரலை லேசாக நிமிர்த்தினாலே பிள்ளை துடித்தாலோ, மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போனாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சில மணி நேரத்திலேயே தசை செத்துப் போகும்.

அடிபட்டவுடன் காலை அசைக்காமல் பலகையோ தடித்த அட்டையோ வைத்துக் கட்டி, 108ஐக் கூப்பிடுங்கள். எலும்பு விலகியிருந்தால் மயக்க மருந்து கொடுத்து நேராக்க வேண்டியிருக்கும். அதனால் டாக்டர் பார்க்கும் வரை சாப்பாடு, காபி எதுவும் கொடுக்க வேண்டாம்.

கட்டுப் பிரித்தாகிவிட்டது, பையன் ஓடி ஆடுகிறான். ஆனாலும் 6 மாதத்துக்கு ஒரு தடவை கூட்டிப் போய் இரண்டு காலையும் அளந்து பார்த்து வருகிறோம். வளர்ச்சி முடியும் வரை பார்க்க வேண்டுமாம். கோணலோ குட்டையோ ஆரம்பத்திலேயே தெரிந்தால் சரி செய்ய வழி உண்டு.

இன்னொன்று. பெண் பிள்ளை என்றால், "வெளியில தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டிக்குவா" என்று எண்ணெய்க் கட்டோடு மறைத்துவிடுகிறோம். கால் வளைந்து போனால் ஊருக்கே தெரியுமே தோழிகளே!

- ஒரு இல்லத்தரசி, தேவதானப்பட்டி.