பதின்மூன்று பேரும் ஒன்றரைக் கோடி யென்னும்

ஒரு நோயாளிக்கு 1,49,57,755 யென். தண்டுவடக் காயத்துக்கான ‘ஸ்டெமிராக்’ சிகிச்சைக்கு 2019இல் ஜப்பான் அரசு நிர்ணயித்த விலை இது; அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 95 லட்சம் ரூபாய். அடிபட்ட ஒரு மாதத்துக்குள் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து, அதிலுள்ள ஸ்டெம் செல்களை 5 கோடி முதல் 20 கோடி வரை பெருக்கி, டிரிப்ஸாக உடம்பில் ஏற்றுகிறார்கள். பணத்தில் பெரும்பங்கை அங்கே காப்பீடு ஏற்கிறது.

இந்த விலைக்கு ஆதாரம் 13 நோயாளிகள். 12 பேர் ஒரு படியாவது முன்னேறினார்கள். 92 சதவீதம் என்று போட்டால் கண்ணைப் பறிக்கும். ஆனால் சிகிச்சை பெறாத ஒப்பீட்டுக் குழு கிடையாது. காயத்தின் கடுமையை ஏ முதல் இ வரை தரம் பிரிக்கிறார்கள். ஏ என்றால் அடிபட்ட இடத்துக்குக் கீழே அசைவும் உணர்வும் அறவே இல்லை. அவர்களிலேயே 100க்கு 15, 20 பேர் முதல் ஆண்டில் தாமாகவே ஒரு படி ஏறிவிடுகிறார்கள். காயம் லேசாக இருந்தால் இன்னும் அதிகம். இதைக் கழிக்காமல் எப்படி வரவு வைப்பது?

கழித்துப் பார்த்த கதை அமெரிக்காவில் நடந்தது. இன்விவோ தெரப்யூட்டிக்ஸ் நிறுவனம் செல் எதையும் சேர்க்காமல் வெறும் சாரத்தைத் தண்டுவடத்துக்குள் வைத்தது: தானே கரையும் தையல் நூலின் ரகப் பாலிமரில், கடற்பஞ்சுபோல் துளைகள் நிறைந்த சின்ன உருளை. வேலை, நரம்புத் திசு பற்றி வளர இடம் கொடுத்துவிட்டுச் சில வாரங்களில் கரைந்துபோவது. 2014இல் தொடங்கி 19 பேருக்குப் பொருத்தினார்கள். 3 பேர் இறந்தார்கள். காரணம் சாரம் அல்ல என்று மருத்துவர்கள் முடிவு செய்தார்கள். ஆறு மாதத்தில் கணக்கில் மிஞ்சியவர்கள் 16, படியேறியவர்கள் 7. ஆக 44 சதவீதம். 19ஆல் வகுத்தால் 37தான். அதுவும் தாமாகவே ஏறும் 20ஐவிட மேல் என்பதால் நம்பிக்கை இருந்தது. அடுத்த சோதனையில் ஒப்பீட்டுக் குழு வைத்து 20 பேரைச் சேர்த்தார்கள். 2023இல் முடிவு வந்தது, இலக்கை எட்டவில்லை. 2024 பிப்ரவரியில் நிறுவனம் திவால் மனு போட்டது.

ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தின் கணக்கு இதைவிடச் சிறியது. ஐபிஎஸ் செல்லிலிருந்து (சாதாரண உடல் செல்லை ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பியது) வளர்த்த நரம்பு முன்னோடிச் செல்கள், ஆளுக்கு 20 லட்சம், மொத்தம் 4 பேர். முதல் அறுவை 2021 டிசம்பரில். 2025 மார்ச்சில் சொன்னது: ஒருவர் ஏயிலிருந்து டி, ஒருவர் ஏயிலிருந்து சி, இருவர் இருந்த இடத்திலேயே. 50 சதவீதம் என்று எழுத மனம் வரவில்லை, நான்கில் இரண்டு. சோதித்தது முதன்மையாகப் பாதுகாப்பைத்தான். ஓராண்டில் கடுமையான பக்கவிளைவு எதுவும் தெரியவில்லை.