மாமா கடைக்கு ஜன்னல் வைத்த கதை

நெல்லையில் என் மாமாவுக்கு ஹார்டுவேர் கடை. பில் போடுவதற்குப் பைத்தானில் நான் எழுதிக் கொடுத்த புரோகிராம்தான் ஆறு வருடமாக ஓடுகிறது. ஒரே குறை... சரக்குக் கணக்கு கல்லா கம்ப்யூட்டரில். சரக்கோ மாடி குடோனில். "அண்ணாச்சி, முக்கால் இஞ்ச் எல்போ எத்தனை இருக்கணும்?" என்று பையன் மேலிருந்து கத்துவான். மாமா கீழிருந்து கத்துவார். நடுவில் நிற்கிற கஸ்டமருக்குக் காது போகும்.

"மாப்ளே, அந்தக் கணக்கு அவன் செல்போன்ல தெரியிற மாதிரி பண்ண முடியாதா?"

முடியும். வீட்டை இடிக்க வேண்டாம். சுவரில் சின்னதாக ஒரு ஜன்னல் போதும். அதற்குப் பெயர்தான் வெப் ஏ.பி.ஐ. போன் ஒரு முகவரியைத் தட்டிக் கேட்கும். புரோகிராம் பதில் சொல்லும். ஃபிளாஸ்க் என்ற சின்ன சாமான் இதற்கு வசதி. 2010 ஏப்ரல் 1-ம் தேதி, ஆர்மின் ரோனாகர் என்பவர் முட்டாள்கள் தினத் தமாஷாகச் செய்த காரியத்திலிருந்து பிறந்தது அது! இருபது வரி எழுதி ஓட்டினேன்.

பில் திரை அப்படியே உறைந்துவிட்டது. பின்னே? கல்லாவில் இருப்பவரையே வாசலிலும் காவல் வைத்தால் பில் யார் போடுவது? வாசலுக்குத் தனி ஆள், அதாவது தனி 'த்ரெட்' போட்டேன். உடனே டேட்டாபேஸ் முறைத்தது. ஒரு த்ரெட் திறந்த இணைப்பை இன்னொன்று தொடக்கூடாதாம். சரி, அவனுக்கும் தனிச் சாவி.

இப்போது போனில் வரவில்லை. 127.0.0.1 என்றால் அந்தக் கம்ப்யூட்டர் தன்னோடு தானே பேசிக்கொள்வது. 0.0.0.0 என்று மாற்றினேன். வந்துவிட்டது! மாமா காபி வாங்கிக் கொடுத்தார்.

நாலாம் நாள் ஒரு காலேஜ் பையன் வந்தான். கொத்தனார் மகன். கடை வைஃபை பாஸ்வேர்டைத்தான் கஸ்டமர்களுக்காகச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறோமே! குடோன் பையன் பெருமையாகக் காட்டிய முகவரியில் 'சரக்கு' என்பதை 'பாக்கி' என்று மாற்றிப் பார்த்திருக்கிறான். கேட்ட பட்டியலையெல்லாம் கொடுக்கும்படி சோம்பேறித்தனமாக எழுதியவன் நான்.

"அண்ணாச்சி, எங்கப்பா பேரு இதுல இருக்கு. 18,400 ரூபா. ஊருக்கே தெரியுமா?"

மாமா வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். என்னைத் திட்டவில்லை. "முப்பது வருஷமா பாக்கி நோட்டைப் பூட்டி வெச்சிருக்கேன் மாப்ளே. உங்க அத்தைக்குக்கூடக் காட்டினதில்ல" என்றார். அன்று ராத்திரியே கொத்தனார் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். நானும் கூடப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது கை நடுங்கியது எனக்குத்தான்.

ஜன்னல் வைத்தேன், கம்பி வைக்க மறந்தேன். இப்போது அது ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: எந்தச் சரக்கு, எத்தனை? பாக்கிப் பக்கம் எட்டிப் பார்க்க வழியே கிடையாது. கேட்பவர் பாஸ்வேர்ட் சொல்ல வேண்டும். கஸ்டமர்களுக்கு வேறு வைஃபை.

குடோன் பையன் இன்னமும் மாடியிலிருந்து கத்துகிறான்:

"அண்ணாச்சி... பாஸ்வேர்ட் என்ன?"